தவணை தவறியவனுக்கு ஜாமீன் நின்றவர்

ஆலை மூடியது, கூலி நின்றது, வீட்டுக் கடனுக்கான தவணை தவறியது. தவறியவன் குடிகாரனல்ல, சூதாடியல்ல, ஊரை ஏமாற்றி ஓடியவனுமல்ல. நேற்று வரை நாள் தவறாமல் கட்டியவன். இன்று கட்ட வழியற்றவன். அவனுக்கு இன்னொரு கடன் கொடுத்துக் கைதூக்கிவிட யார் முன்வருவார்கள்?

பணம் இருப்பவனைப் பாங்கி கூப்பிட்டுக் கடன் கொடுக்கும். ஒரு முறை தவணை தவறியவன் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்தும். கடன் யாருக்கு மிகவும் தேவையோ, அவனுக்குத்தான் அது மறுக்கப்படும். உலகெங்கும் நடைமுறை இதுதான்.

இந்த நடைமுறையைப் புரட்டிப் போட்டு, தவணை தவறியவர்களுக்காகவே ஒரு சர்க்கார் கடன் கழகம் திறந்தது உண்டா, தோழர்களே? உண்டு. அதுவும் பணக்காரர்களின் பூமி என்று பெயரெடுத்த அமெரிக்காவில், 1933-ம் ஆண்டில் நடந்தது. அதைச் செய்தவர் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட்.

ரூஸ்வெல்ட் என்றதும் இரண்டாம் உலகப் போர் நினைவுக்கு வரும். சர்ச்சிலும் ஸ்டாலினும் பக்கத்தில் அமர்ந்த படம் நினைவுக்கு வரும். நாம் இன்று பார்க்கப் போவது அந்த ரூஸ்வெல்ட்டை அல்ல. ஏலத்துக்குப் போக இருந்த எட்டு லட்சம் ஏழை எளியோர் வீடுகளைக் காத்த ரூஸ்வெல்ட்டைப் பார்ப்போம். அதே கையால் திறந்த இன்னொரு கதவை ஒரு சாரார் முகத்தில் சாத்த விட்டுவிட்ட ரூஸ்வெல்ட்டையும் பார்ப்போம். இரண்டும் சேர்ந்ததுதான் வரலாறு.

செல்வத்தில் பிறந்தவர்

1882-ம் ஆண்டு ஜனவரி 30-ம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஹைட் பார்க் என்ற ஊரில், பெரிய பண்ணை மாளிகையில் பிறந்தவர் ரூஸ்வெல்ட். தந்தை ஜேம்ஸ், நிலமும் தொழிலும் உடையவர். தாய் சாரா, வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டிய டெலானோ குடும்பத்துப் பெண். அந்தத் தாய்க்கு இவர் ஒரே பிள்ளை. கிராட்டன் பள்ளி, ஹார்வர்டு பல்கலைக்கழகம், கொலம்பியா சட்டக் கல்லூரி என்று செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நடக்கும் பாதையில் நடந்தார். 1905-ல் எலினாரை மணந்தார். மணப்பெண்ணின் பெரியப்பா தியோடர் ரூஸ்வெல்ட் அப்போது நாட்டின் தலைவர்!

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவரல்ல; வட்டிக்காரனுக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போனவருமல்ல. 1910-ல் நியூயார்க் மாநில மேல்சபை. 1913-ல் கடற்படைத் துறையின் துணைச் செயலாளர். 1920-ல் துணைத் தலைவர் பதவிக்கு வேட்பாளர். அந்தத் தேர்தலில் தோல்வி. ஆனாலும் வயது 38-தான். வாய்ப்புகள் வரிசையில் நின்றன.

1921 ஆகஸ்டில் எல்லாம் மாறியது. காம்போபெல்லோ தீவில் கோடை விடுமுறையில் இருந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு மூன்று நாட்களில் கால்கள் செயலற்றுப் போயின. இளம்பிள்ளை வாதம் என்றார்கள் மருத்துவர்கள். அதற்குப் பிறகு சாகும் வரை அவர் துணையின்றி நடக்கவில்லை. இரும்புப் பட்டைகளைக் காலில் பூட்டி, ஒருவர் தோளைப் பற்றிக்கொண்டுதான் எழுந்து நின்றார்.

வெந்நீர் ஊற்றில் உடம்பு தேறும் என்று கேள்விப்பட்டு, 1924-ல் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குப் போனார். 1926-ல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கி, இளம்பிள்ளை வாதம் கண்டவர்களுக்குச் சிகிச்சை நிலையமாக மாற்றினார். தம் சொத்தில் பெரும்பங்கை அதில் கொட்டினார். கைகளாலேயே ஓட்டும்படி அமைத்த மோட்டார் காரில் சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போனார். பருத்தி விலை சரிந்து கடனில் முழுகிய குடியானவர்களை அங்கே கண்டார். மாளிகையில் பிறந்தவர் மண்குடிசை வாசலில் காரை நிறுத்திப் பேசினார். அவருக்கு அது இரண்டாவது பள்ளிக்கூடம்.

1928-ல் நியூயார்க் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. சரிவு நாடெங்கும் பரவியது. வேலையற்றோருக்கு உதவி வழங்க 1931-ல் மாநில அளவில் தனி நிர்வாகம் அமைத்தார். 1932 நவம்பர் தேர்தலில் 48 மாநிலங்களில் 42-ல் வென்று நாட்டின் தலைவரானார்.

வட்டி கட்டியும் வீடு போனது

அன்றைய அமெரிக்க வீட்டுக் கடன் எப்படிப்பட்டது என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். அது தெரிந்தால்தான் தவணை தவறியது யார் குற்றம் என்பது விளங்கும்.

பத்தாயிரம் டாலர் வீடு என்றால், கடனாக ஐயாயிரம், ஆறாயிரம் டாலர்தான் கிடைக்கும். மீதியைச் சேமிப்பிலிருந்து போட வேண்டும். சேமிப்பு போதாதென்றால் அதே வீட்டின் மேல் இரண்டாம் ஈடு வைத்து, கூடுதல் வட்டிக்கு வாங்க வேண்டும். முதல் கடனின் ஆயுள் மூன்றாண்டு, ஐந்தாண்டு, மிஞ்சினால் பத்தாண்டு. பெரும்பாலும் அதுவரை வட்டி மட்டும் கட்டினால் போதும். கெடு முடிந்த அன்று அசல் முழுவதையும் ஒரே தொகையாக வைக்க வேண்டும்.

உழைப்பாளி எங்கே போவான் ஐயாயிரம் டாலருக்கு? அதனால் கெடு முடிந்ததும் அதே பாங்கியில் கடனைப் புதுப்பித்துக்கொள்வது வழக்கம். நல்ல காலத்தில் பாங்கியும் சிரித்துக்கொண்டே புதுப்பித்தது. பஞ்ச காலம் வந்ததும் சிரிப்பு மறைந்தது. 1930-க்கும் 1933-க்கும் இடையில் சுமார் 9,000 பாங்கிகள் முறிந்தன. முறியாமல் நின்ற பாங்கிகளும் புதுப்பிக்க மறுத்தன. கொடுத்த பணத்தைக் கொண்டா என்றன. ஒரு நாள்கூட வட்டி தவறாதவனும் அசல் கேட்கப்பட்டபோது அடியோடு சாய்ந்தான்.

அவன் நிலை இது. அவன் பக்கத்து வீட்டுக்காரன் நிலை இதைவிட மோசம். 1933-ல் உழைக்கும் மக்களில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றார். கூலியில்லாதவன் வட்டி கட்டுவது எப்படி? முதலில் வட்டி நின்றது. பிறகு வீட்டு வரி நின்றது. கடைசியில் ஷெரீப் வந்து கதவில் ஏல நோட்டீசை ஒட்டினார். 1932-ல் சுமார் இரண்டரை லட்சம் வீடுகள் ஏலத்துக்குப் போயின. 1933-ல் நாளொன்றுக்கு ஆயிரம் வீடுகள் என்ற வேகத்தில் போய்க்கொண்டிருந்தன.

முந்தைய தலைவர் ஹூவர் கைகட்டி நின்றுவிட்டார் என்று சொல்ல முடியாது. 1932 ஜூலையில் அவரும் வீட்டுக் கடன் பாங்கிச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார். நேரடியாகக் கடன் கேட்டு 41,000 வீட்டுக்காரர்கள் மனுப் போட்டார்கள். கிடைத்தது எத்தனை பேருக்குத் தெரியுமா, தோழர்களே? மூன்று பேருக்கு! ஆயிரம் அல்ல, நூறு அல்ல, மூன்று. ஏன்? நன்றாகக் கட்டக்கூடியவனுக்கே கடன் என்ற பழைய அளவுகோலை அந்தச் சட்டம் கைவிடவில்லை. மூழ்குகிறவனிடம் நீந்தத் தெரியும் என்ற சான்றிதழைக் கேட்டது.

மக்கள் பொறுமை இழந்தார்கள். மேற்கு மத்தியப் பகுதி விவசாயிகள் ஏலங்களுக்குக் கூட்டமாகப் போனார்கள். கடனாளியின் மாட்டுக்கும் கலப்பைக்கும் ஐந்து காசு, பத்துக் காசு என்று ஏலம் கேட்டார்கள். அதற்கு மேல் கேட்க வந்த வெளியூர்க்காரனைச் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். அவன் வாய் மூடிக்கொண்டான். காசு விலைக்கு எடுத்த பொருளைக் கடனாளியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்கள். 1933 ஏப்ரலில் அயோவா மாநிலத்தின் லெ மார்ஸ் ஊரில், ஜப்தி உத்தரவில் இனிக் கையெழுத்திட மாட்டேன் என்று உறுதி தர மறுத்த நீதிபதியை, கோர்ட்டிலிருந்தே இழுத்துச் சென்று கழுத்தில் கயிறு மாட்டினார்கள். கடைசி நிமிடத்தில்தான் விட்டார்கள். அந்த வட்டாரத்தில் பட்டாளம் இறக்கப்பட்டது.

வீடு போனால் நாடும் போகும் என்பது வாஷிங்டனுக்குப் புரிந்தது.

தவறியவனே தகுதியுள்ளவன்

1933 மார்ச் 4-ம் நாள் ரூஸ்வெல்ட் பதவியேற்றார். மறுநாளே உத்தரவு தயாராகி, நாட்டின் எல்லாப் பாங்கிகளும் சில நாட்கள் மூடப்பட்டன. நிலைக்கக்கூடியவை மட்டும் திறக்கப்பட்டன. மே மாதத்தில் விவசாயிகளின் நில ஈட்டுக் கடனுக்கு ஒரு சட்டம் வந்தது. ஏப்ரல் 13-ல் அவர் விடுத்த வேண்டுகோளின்படி, ஜூன் 13-ல் வீட்டுக்காரர்களுக்கான சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் வீட்டுடைமையாளர் கடன் கழகம் பிறந்தது.

கழகம் செய்தது இது. கடனாளி மனுப் போடுவான். கழகத்தின் ஆள் வந்து வீட்டை மதிப்பிடுவார். மதிப்பில் நூற்றுக்கு 80 வரை, 14,000 டாலருக்கு மேற்படாமல், கழகம் பொறுப்பேற்கும். 20,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள மாளிகைகளுக்கு இடமில்லை. பாங்கிக்காரனிடம் பேசி, பழைய பத்திரத்தைக் கழகம் வாங்கிக்கொள்ளும்; பதிலுக்கு ரொக்கமல்ல, கழகத்தின் கடன் பத்திரம் கொடுக்கும். பாக்கி நிற்கும் வீட்டு வரியையும் கழகமே கட்டிவிடும். கூரை ஒழுகினால் அதைச் செப்பனிடவும் பணம் சேர்த்துக் கொடுக்கும். கடனாளிக்கு இனி ஒரே கடன். ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வட்டி. 15 ஆண்டு கெடு. அசலும் வட்டியும் சேர்ந்த ஒரே அளவான மாதத் தவணை. கெடு முடிவில் மலைபோல் அசல் வந்து நிற்கும் கொடுமை ஒழிந்தது.

இன்னொன்றும் உண்டு. இரண்டாண்டுக்குள் ஏலத்தில் வீட்டைப் பறிகொடுத்தவன்கூட, அதை மீட்க இந்தக் கடனைக் கேட்கலாம் என்று சட்டம் சொன்னது.

மனுப் போட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள்? கடன் பெற்றவர்கள் சராசரியாக இரண்டாண்டு பாக்கி வைத்தவர்கள். வரிப் பாக்கியும் அதே அளவு. எந்தப் பாங்கிக் கணக்கனும் அவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு கிழித்திருப்பான். கழகமோ அவர்களைத்தான் கேட்டது. தவறாதவன் அங்கே தேவையில்லை. அவனுக்குப் பாங்கி இருக்கிறது. தவறியவனே தகுதியுள்ளவன்! அளவுகோல் தலைகீழானது. பாக்கி எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை. எதனால் வந்தது, வேலை கிடைத்தால் கட்டுவானா என்று கேட்டார்கள்.

ஜாமீன் என்பதன் வலிமையை ஓர் உதாரணத்தில் பாருங்கள். தொடக்கத்தில் கழகத்தின் பத்திரங்களுக்கு வட்டிக்கு மட்டுமே சர்க்கார் உத்தரவாதம் கொடுத்தது. பாங்கிகள் பத்திரத்தை வாங்கத் தயங்கின. 1934 ஏப்ரலில் அசலுக்கும் உத்தரவாதம் வந்தது. தயக்கம் பறந்தது. கடனாளி அதே கடனாளிதான். வீடும் அதே வீடுதான். பின்னால் நின்ற ஆள் மட்டும் மாறினார்.

ஏறத்தாழ 19 லட்சம் மனுக்கள் வந்தன. அத்தனை பேருக்கும் கிடைக்கவில்லை. பாங்கியிலேயே சமாளிக்கக்கூடியவனும் நீக்கப்பட்டான், மீளவே வழியற்றவனும் நீக்கப்பட்டான். 10 லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் கடன் பெற்றனர். தொகை 300 கோடி டாலருக்கு மேல். நாட்டில் ஈட்டில் இருந்த சொந்த வீடுகளில் ஐந்தில் ஒன்று கழகத்தின் கைக்கு வந்தது.

கடன் கொடுத்ததோடு கழகம் போய்விடவில்லை. தவணை மீண்டும் தவறினால், ஏல நோட்டீசுக்கு முன்னால் ஓர் ஊழியர் வீட்டுக்கு வந்தார். வேலை தேடித் தர முயன்றார். ஓர் அறையை வாடகைக்கு விடும்படி யோசனை சொன்னார். வர வேண்டிய உதவித்தொகை எது என்று பார்த்துச் சொன்னார். 1939-ல் வட்டி நாலரையாகக் குறைந்தது. கெடு 25 ஆண்டு வரை நீள வழி பிறந்தது.

அப்படியும் சுமார் இரண்டு லட்சம் வீடுகள் கடைசியில் கழகத்தின் ஏலத்துக்கே போயின. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கை இப்படிப் பாருங்கள்: பாங்கிகள் கைகழுவிய ஐந்து பேரில் நான்கு பேர் கட்டி முடித்தார்கள்! 1951-ல் கழகம் கணக்கை மூடியபோது கஜானாவுக்கு நட்டமில்லை. சிறு உபரியே மிஞ்சியது. ஏழை கடனைக் கட்ட மாட்டான் என்று பேசியவர்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகமே பதில். கட்டக்கூடிய தவணையைக் கொடுங்கள், கட்டுவான்.

இன்னொரு கதவு

கழகம் பழைய கடனைக் காத்தது. புதிதாக வீடு வாங்குபவனுக்கு என்ன வழி? 1934 ஜூன் 27-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தேசிய வீட்டுச் சட்டம் அதற்கு விடை சொன்னது. மத்திய வீட்டுவசதி நிர்வாகம் தோன்றியது.

இந்த நிர்வாகம் தானாகக் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுப்பது பாங்கி. கடனாளி சிறு தொகையைக் காப்புறுதிக் கட்டணமாகக் கட்டுவான். அவன் தவறினால் பாங்கியின் நட்டத்தை நிர்வாகம் ஈடு செய்யும். பாங்கிக்குப் பயம் தெளிந்தது. வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 80 வரை, 20 ஆண்டுக் கெடுவில் கடன் வந்தது. 1938-ல் சிறிய புது வீடுகளுக்கு நூற்றுக்கு 90, கெடு 25 ஆண்டு என்று தளர்ந்தது. கொத்தனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைத்தது. 1940-ல் நூறு குடும்பங்களில் 44-க்கும் குறைவாகவே சொந்த வீட்டில் இருந்தன, 1960-ல் 62. இருபதே ஆண்டுகளில்! அமெரிக்கத் தொழிலாளி குடக்கூலியிலிருந்து விடுபட்டு வீட்டுக்காரனானது இந்த ஜாமீனால்.

எல்லாத் தொழிலாளியுமா? இங்கேதான் கதை கசக்கிறது.

சிவப்புக் கோடு

கடன் கழகம் கருப்பின வீட்டுக்காரர்களுக்கும் கடன் கொடுத்தது. ஆனால் அதன் பணி ஓயும் வேளையில், 1935-க்கும் 1940-க்கும் இடையில், அதன் அலுவலர்கள் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தார்கள். நல்ல பகுதிக்குப் பச்சை; அடுத்ததற்கு நீலம்; சரிவதற்கு மஞ்சள்; ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கருப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாம் சிவப்பில் விழுந்தன.

புதிய நிர்வாகமோ அதையும் தாண்டியது. காப்புறுதி தருவதற்கு அது ஒரு விதிநூல் வைத்திருந்தது. வீட்டுக்கு மதிப்பெண், வாங்குபவனுக்கு மதிப்பெண், வீடு நிற்கும் இடத்துக்கும் மதிப்பெண். பல இனத்தார் கலந்து வாழும் தெரு மதிப்பிழக்கும் என்று அந்த நூல் கருதியது. கருப்பர்களுக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுவதைச் சிபாரிசும் செய்தது.

இதன் பொருள் என்ன, தோழர்களே? ஒரு கருப்பினத் தொழிலாளி. ஒரு காசு பாக்கி வைத்தவனல்ல. கையில் முன்பணம் இருக்கிறது. நிரந்தர வேலை இருக்கிறது. அவனுக்கு ஜாமீன் இல்லை! முதல் சட்டம் பாக்கிக்காரனைப் பார்த்து உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டது. இரண்டாம் சட்டம் பாக்கியே இல்லாதவனைப் பார்த்து நீ யார், உன் பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டது.

டெட்ராய்ட் நகரில் அந்தக் கேள்வி கல்லாகவே எழுந்து நின்றது. 1941-ல் ஒரு கட்டிட முதலாளி வெள்ளையருக்கு வீடுகள் கட்டத் திட்டமிட்டார். பக்கத்தில் கருப்பின மக்கள் குடியிருப்பு. ஆகவே அந்த மனைக்குக் காப்புறுதி கிடைக்கவில்லை. அவர் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்தில் மதில் எழுப்பினார். மதில் எழும்பியது, கடன் ஜாமீனும் வந்தது. அந்த மதில் இன்றும் நிற்கிறது.

ஜாமீன் மறுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? சிகாகோ போன்ற நகரங்களில் தரகர்களிடம் ஒப்பந்தத் தவணையில் வீடு வாங்கினார்கள். வீட்டின் உண்மை மதிப்பைப் போல் இரு மடங்குக்கும் விற்றார்கள். கடைசித் தவணை கட்டும் வரை பத்திரம் பெயரில் வராது. நடுவில் ஒரு தவணை தவறினாலும் கட்டியது அத்தனையும் போகும். ஆளை வெளியேற்றிவிட்டு, அதே வீட்டை அடுத்தவனுக்கு விற்பார்கள். கடனில் தவறியவன் என்ற பெயர் அவனுக்கு இப்படி ஒட்டியது. அவனுடைய கடன் குறை அவன் உண்டாக்கியதல்ல, உண்டாக்கிக் கொடுக்கப்பட்டது.

ரூஸ்வெல்ட்டுக்கு இது தெரியாதா? அவருடைய ஆட்சிக்குள்ளேயே மேரி மக்லியட் பெத்யூனும், ஹார்வர்டில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ராபர்ட் வீவரும், கருப்பின மக்களின் நிலையை எடுத்துரைத்து வந்தார்கள். எலினாரும் வாதாடினார். ஆனால் காங்கிரசின் முக்கியக் குழுக்களைத் தெற்கத்திய வெள்ளையர் தலைவர்கள் கையில் வைத்திருந்தார்கள். அவர்களைப் பகைத்தால் தம் சட்டங்கள் நிறைவேறா என்று ரூஸ்வெல்ட் கணக்குப் போட்டார். கருப்பர்களை அடித்துக் கொல்லும் கும்பல்களுக்கு எதிரான மசோதாவுக்குக்கூட முழுமூச்சாக நிற்கவில்லை. 1942-ல் அவர் பிறப்பித்த உத்தரவால், மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஏல வீட்டைக் காத்தவர் கையெழுத்தாலேயே அந்த வீடுகள் பறிபோயின.

கடைசி நாட்கள்

1944 ஜூன் 22-ல், போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கான சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். படிப்புக்கு உதவி, வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம். முன்பணமே இல்லாமல் வீடு வாங்க அது வழி திறந்தது. ஆனால் கடன் தர வேண்டியது உள்ளூர்ப் பாங்கி. 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தில் 13 நகரங்களில் பார்த்தபோது, இந்த உத்தரவாதத்தில் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கருப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒரே போரில் ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள்!

அந்தக் கணக்கைக் காண அவர் இல்லை. நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே தலைவர், 1945 ஏப்ரல் 12-ம் நாள், அதே வார்ம் ஸ்பிரிங்ஸ் சிற்றூரில், தம் உருவப்படம் தீட்டப்படுவதற்காக அமர்ந்திருந்தபோது தலையில் இரத்தக் குழாய் வெடித்துச் சாய்ந்தார். வயது 63.

அவர் விட்டுச் சென்ற குறையைப் பிறகு போராடித்தான் திருத்த வேண்டியிருந்தது. 1948-ல் இனத் தடைப் பத்திரங்களைக் கோர்ட்டுகள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1966-ல் புதிய வீட்டுவசதித் துறைக்கு முதல் அமைச்சரானார் ராபர்ட் வீவர். அமெரிக்க மந்திரிசபையில் இடம்பெற்ற முதல் கருப்பினத்தவர் அவரே. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில், வீட்டு விற்பனையிலும் கடனிலும் இன வேறுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது. ரூஸ்வெல்ட் செய்யத் தயங்கியதைச் செய்ய முப்பத்து நாலு ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் வெள்ளைத் தொழிலாளி தன் பிள்ளைக்கு வீட்டை விட்டுச் சென்றான்; கருப்பினத் தொழிலாளி வாடகை ரசீதை விட்டுச் சென்றான்.

1934-ல் பிறந்த அந்த நிர்வாகம் இன்றும் இயங்குகிறது. கடனாளியின் பழைய வரலாற்றை இன்று அங்கே 300 முதல் 850 வரை ஓர் எண்ணாகப் போடுகிறார்கள். 580-ம் அதற்கு மேலும் இருந்தால் விலையில் நூற்றுக்கு மூன்றரை முன்பணம் போதும். 500 முதல் 579 வரை என்றால் பத்துப் பங்கு முன்பணம் வேண்டும். 500-க்குக் கீழே இடமில்லை. திவாலாகிக் கடன் தள்ளுபடி பெற்றவன் பொதுவாக இரண்டாண்டு கழித்தும், வீட்டை ஏலத்தில் இழந்தவன் மூன்றாண்டு கழித்தும் மனுப் போடலாம். கடன் வாங்கியே அறியாதவன், வாடகையும் மின்கட்டணமும் ஒழுங்காகக் கட்டிய ரசீதுகளைக் காட்டலாம். தனி பாங்கிகள் இதைவிடக் கடுமையான அளவை வைத்துக்கொள்வதுண்டு. ஆகவே ஒரு கதவு மறுத்தால் இன்னொரு கதவைத் தட்டுவது அங்கே வழக்கம். தவறியவன் என்றென்றைக்கும் தள்ளப்பட்டவன் அல்ல என்ற 1933-ன் எண்ணம், சட்டத்தின் வரிகளுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தோழர்களே! ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கையிலிருந்து இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சர்க்கார் எந்த ஊரில் வீட்டுக் கடன் திட்டம் அறிவித்தாலும் அவற்றைக் கேளுங்கள். கால் இடறியவனுக்கு இதில் இடமுண்டா? இது முதல் கேள்வி. அந்த இடம், எந்தத் தெருவில் எந்த இனத்தில் பிறந்தவனுக்கும் உண்டா? இது இரண்டாவது. முதல் கேள்விக்கு உண்டு என்று சொன்ன ரூஸ்வெல்ட் பத்து லட்சம் கூரைகளுக்கு ஜாமீன் நின்றார். இரண்டாவது கேள்விக்கு வாய் திறக்காததால் டெட்ராய்டில் ஒரு மதில் எழும்பியது. ஜாமீன் என்பது பொதுப் பணம். பொதுப் பணத்துக்கு நிறம் கிடையாது.